காற்றாலை, சோலார், நம் ஊர் ஓடை: முன்னாள் கவுன்சிலரிடம் கேள்வி பதில்

தூத்துக்குடி மாவட்டக் கரிசல் பகுதியில் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவன் நான். 2019 டிசம்பர் தேர்தலில் வந்த எங்கள் பதவிக் காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்தது. அந்தக் காலத்தில் காற்றாலைக்கு ஆதரவாகவும் ஒரு சோலார் பூங்காவுக்கு எதிராகவும் பேசி, இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கியாயிற்று. நிலம், ஓடை, பாதை, கிராம சபை பற்றிக் கேளுங்கள். கட்சி விவகாரம் வேண்டாம்.

அண்ணாச்சி, இரண்டுமே பசுமை மின்சாரம்தானே? ஒன்றுக்கு ஆதரவு, மற்றதற்கு எதிர்ப்பு என்றால் என்ன நியாயம்?

மின்சாரத்தில் வேறுபாடு இல்லை தம்பி, வேலியில்தான் இருக்கிறது. காற்றாலை நின்றபின் அதன் அடித்தளத்தையும் பாதையையும் விட்டால் மீதி நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கலாம். தூண் அருகே வரை உழுகிறார்கள். சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் வேண்டும். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கர். அவ்வளவையும் சுற்றிக் கம்பி வேலி போட்டால், உள்ளே கிடந்த வண்டிப்பாதையும் ஓடையும் யாருடையவை?

நான் எதிர்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேட்டு நிலத்துத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோகும் ஓடை அது. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் வெளியூர்க்காரர் கண்ணுக்கு வெறும் பள்ளம். அதன் குறுக்கே சரளை ரோடு போட்டு, அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் பதித்தார்கள். ஒரு ஆள் குனிந்து நுழைய முடியாத குழாய். ஐப்பசியில் முதல் பெருமழைக்கே செத்தையும் கருவேல முள்ளும் குழாய் வாயை அடைத்தன. தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, பக்கத்துப் பிஞ்சையில் முளைத்து நின்ற உளுந்தை வழித்துக்கொண்டு போனது. கண்மாய்க்குப் பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை. நிலத்தை விற்றவர் மதுரையில் இருக்கிறார். உளுந்து போனவர் ஒரு செண்டுகூட விற்காதவர்.

எனவே கையெழுத்துக்கு முன்னால் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஓடை, வண்டிப்பாதை புறம்போக்கை நடந்து பாருங்கள். இன்னொன்று: யாருக்கும் பவர் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்காதீர்கள்.

காற்றாலை மழை மேகத்தை விரட்டுகிறது என்கிறார்களே?

விரட்டவில்லை. காற்றாலை முழு மூச்சாகச் சுற்றுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, தென்மேற்குக் காற்றில். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில். இறக்கையின் உச்சி இருநூறு மீட்டர் அளவில் முடிந்துவிடும். இடிமேகம் கிலோமீட்டர் கணக்கில் உயர்வது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்துக் காற்றாலைகள் அன்றும் நின்ற இடத்தில்தான் நின்றன.

வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் காற்றாலை வைக்கலாம்? இரவில் தூங்க முடியவில்லை.

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதலில், இரைச்சலைக் கருதிக் குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். வெறுமனே ‘சத்தம்’ என்று மனு எழுதாமல் எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில், எவ்வளவு தூரத்தில் என்று எழுதி, இரவில் அளக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். பகல் பதினோரு மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போவார்கள், விடாதீர்கள்.

எங்கள் ஊரில் காற்றாலை, எங்களுக்கே கரண்ட் நிற்கிறது. இலவசமாகத் தருவார்களா?

மாட்டார்கள். அது துணைமின் நிலையத்துக்குப் போய்ப் பொதுக் கட்டமைப்பில் கலக்கிறது.

காற்றாலை வந்ததிலிருந்து மழை குறைந்துவிட்டது, ஏன்?

மேலே காயல்பட்டினத்தைப் படியுங்கள்.

உயர் அழுத்தக் கோபுரம் என் நிலத்தில் வருகிறது. ‘சர்க்கார் வேலை, ஒன்றும் கிடைக்காது’ என்கிறார்கள்.

பொய். 2015இல் மத்திய மின் அமைச்சகம் சொன்ன அளவு: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். மாநிலம் எந்த உத்தரவைப் பின்பற்றுகிறது என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிருக்கும் மரத்துக்கும் தனிக் கணக்கு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள். தரகர் ‘நான் பேசி முடிக்கிறேன், பவர் மட்டும் கொடுங்கள்’ என்பார். கொடுக்காதீர்கள்.

(சோலார் நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளர்) நாங்கள் எடுப்பது சீமைக் கருவேலம் மண்டிய நிலம். பத்து வருடமாக ஏர் படவில்லை. யாருக்கு நட்டம்? வளர்ச்சியை ஓடை, பாதை என்று தடுப்பது சரியா?

ஏர் படவில்லை, சரி. ஆடு படவில்லையா? அந்தக் கருவேலக் காட்டில் நெற்று பொறுக்கி ஆடு பிழைக்கிறது. விறகு வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் குடும்பங்கள் பிழைக்கின்றன. இவர்கள் யார் பெயரிலும் பட்டா கிடையாது. அதனால் உங்கள் இழப்பீட்டுப் பட்டியலில் ஒருவர்கூட வரமாட்டார்.

(வயலில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போடும் குடும்பத்து இளைஞர்) அண்ணாச்சி சொல்வது சரி. மேய்ச்சலுக்குப் போன பாதையில் இப்போது வேலி. நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம். ஆடு குறைந்ததால் கிடை குறைந்தது, கிடை கேட்ட விவசாயி யூரியா மூட்டை வாங்குகிறார்.

(பொறியாளர்) தகட்டுக்கு அடியிலேயே ஆடு மேய்க்கலாம். வெளிநாட்டில் செய்கிறார்கள். நமக்கும் புல் வெட்டும் செலவு மிச்சம்.

(இளைஞர்) அங்கே செம்மறி. எங்களிடம் பாதி வெள்ளாடு. தகட்டின் மேல் ஏறி நிற்கும், சார்.

இதைத்தான் திட்டம் போடுமுன் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பொறியாளர் தம்பி, நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகையைவிட உங்கள் தகடு மேல்தான். ஆனால் வேலியை ஒரே சுற்றாகப் போடாமல் துண்டு துண்டாகப் போட்டு, ஓடைக்கு இருபுறமும் இடம் விட்டு, வண்டிப்பாதையைத் திறந்து வைத்தால் உங்களுக்குச் சில ஏக்கர்தான் குறையும். அதை எழுதித் தரச் சொன்னபோது நான் பார்த்த நிறுவனம் கோயில் கொடைக்கு நன்கொடை தருவதாகச் சொன்னது. ஊரும் வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு ஓடையைப் பற்றி யார் வாய் திறப்பது?

காற்றாலையால் மழை...

காயல்பட்டினம்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாமலே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

அந்தக் காரணத்துக்காகப் போட்டால் நிற்காது. காற்றாலைக்கும் சோலாருக்கும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. எனவே அந்தச் சட்டப்படியான கருத்துக் கேட்பும் இல்லை. மிஞ்சியிருப்பது கிராம சபைதான். அது கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர் வரவேண்டும். இல்லையென்றால் குறைவெண் (வரவேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இல்லை என்று கலைத்துவிடுவார்கள். கிராம சபைத் தீர்மானம் பட்டா நிலத்து வேலையை நிறுத்திவிடாது. ஆனால் ஓடை, பாதை புறம்போக்கைக் கேட்டு நிறுவனம் போகும்போது, சர்வே எண்ணோடு எழுதிய எதிர்ப்புத் தீர்மானம் கோப்பில் இருந்தால் அதிகாரி கையெழுத்துப் போட யோசிப்பார். தீர்மானம் அங்கேயே புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். எங்கள் காலம் முடிந்தபின் தலைவர் நாற்காலியில் தனி அலுவலர் உட்கார்ந்தார். அவருக்கு ஓட்டுப் பயம் இல்லை, அதனால் எழுத்துதான் ஆயுதம்.

குத்தகைக்குக் கேட்கிறார்கள். எத்தனை வருடம், எவ்வளவு கேட்கலாம்?

தொகை ஊருக்கு ஊர் மாறும், பக்கத்து நிலத்தாரைக் கேளுங்கள். 25, 30 வருடம் என்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். வருடாந்தர உயர்வு, நிலத்தை அடகு வைக்கக் கூடாது, முடிவில் தகட்டையும் கான்கிரீட்டையும் அவர்களே அகற்ற வேண்டும்; மூன்றும் பத்திரத்தில் வரட்டும். பழைய சோலார் தகடு 2022 மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகிறது, ஓடையில் கொட்ட முடியாது.

அண்ணாச்சி, இதை முன்பே படிக்காமல் போனேன். முன்பணம் வாங்கிப் பவரும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாளை காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள், வில்லங்கச் சான்றும் எடுங்கள். இரண்டையும் கொண்டுபோய் வக்கீலிடம் காட்டுங்கள். சாதாரணப் பவர் என்றால் ரத்துப் பத்திரம் பதிந்து, எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம். பணம் கைமாறியிருப்பதால் அது அவ்வளவு எளிதாக ரத்தாகாத வகையாகவும் இருக்கலாம். அதைப் பத்திர வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை முன்பணத்தில் கை வைக்காதீர்கள்.