சதுப்பு ஓரத்தில் கட்டடம்: எந்த எல்லையைக் கேட்டீர்கள்?

தென்சென்னையில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதி நிற்கிறது என்ற செய்தி வந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள், அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கிராமத்தின் பெயரும் புல எண்ணும் இல்லாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர.

பெரும்பாக்கத்தில் இரண்டு கிரவுண்ட் பட்டா நிலம் இருக்கிறது. கீழே கடை, மேலே அலுவலகம் கட்ட சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) விண்ணப்பித்தோம். சதுப்பு நிலத்தின் வேலியிலிருந்து 400 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறோம். சொந்தப் பட்டா நிலத்தில் கட்டுவதை எப்படித் தடுக்க முடியும்?

நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்பது வேறு சட்டங்களின் கையில் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் போட்ட உத்தரவு, ராம்சார் எல்லைக்குள்ளும் (ராம்சார் என்பது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை, அதில் பதிவான பரப்பின் எல்லை இது) அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் திட்ட அனுமதி வழங்கக் கூடாது என்றது. சதுப்பின் தாக்க மண்டலம், அதாவது அங்கே நடப்பது சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி, எதுவரை என்று அறிவியல் முறையில் வரையறுத்து முடிக்கும்வரை இந்த ஏற்பாடு. பட்டா, புறம்போக்கு என்று அதில் பிரிவு கிடையாது. இப்படிப்பட்ட உத்தரவுகள் திருத்தப்படுவது உண்டு. ஆகவே மறுபடி விண்ணப்பிக்கும் நாளில் அதன் நிலை என்ன என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் 400 மீட்டரை வேலியிலிருந்து அளந்திருக்கிறீர்கள். வேலி வனத்துறையுடையது. ராம்சார் எல்லை அந்த வேலியில் நிற்பதில்லை. அதிலிருந்து அளந்தால் உங்கள் 400 மீட்டர் 100 ஆகலாம், ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம்.

விண்ணப்பிப்பவரே சான்றளித்து உடனே அனுமதி பெறும் சுயசான்று முறையில் கடைக்கு அனுமதி வாங்கலாமா? (மேடவாக்கம்)

முடியாது. அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு மட்டும். வீடு என்று வாங்கிவிட்டுக் கடையாக மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

எங்கள் அலுவலக வளாகம் 19,800 சதுர மீட்டர். 20,000க்குக் கீழே என்பதால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்கிறார் கட்டட வடிவமைப்பாளர். சரிதானே?

அடித்தளக் கார் நிறுத்தத்தைச் சேர்த்தாரா? மின்னறை, ஜெனரேட்டர் அறை, மாடிப்படித் தொகுதி? 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கணக்குக்கு அடித்தளம், சேவைப் பகுதிகள் எல்லாம் சேர்த்து எல்லாத் தளங்களின் மூடிய பரப்பு. எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) கணக்கை அப்படியே இங்கே தூக்கிவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 19,800 என்று வரும் திட்டங்களில் பெரும்பாலானவை ஒழுங்காகக் கூட்டினால் 24, 25 ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒரே வளாகத்தை 'கட்டம் 1, கட்டம் 2' என்று பிரித்துக் காட்டினாலும் நிற்காது. அப்புறம், 20,000க்குக் கீழே என்றால் சுற்றுச்சூழல் அனுமதி மட்டும்தான் வேண்டாம். ஈரநிலங்களைக் காக்கும் 2017 விதிகளில் சதுர மீட்டர் விலக்கு எதுவும் இல்லை. சின்னக் கட்டடத்துக்கும் அது பொருந்தும்.

சோழிங்கநல்லூர் வட்டத்தில் ஆறு மாடி வணிக வளாகம் திட்டமிட்டிருக்கிறோம். ஆலோசகர் வனத்துறையிடம் கடிதம் வாங்கித் தந்துவிட்டார். நகல் இணைத்துள்ளேன். இதை வைத்து வங்கிக் கடனுக்குப் போகலாமா?

போகாதீர்கள். நகலை அனுப்பியது நல்லதாயிற்று, ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் பற்றித்தான் நான் ரொம்ப நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். மேலே பொருள், பார்வை. கீழே கையெழுத்து, முத்திரை. நடுவில் விஷயம் ஒரே ஒரு வரி: 'மேற்படி புல எண் காப்புக்காட்டு எல்லைக்குள் அமையவில்லை.' இந்த வரி உண்மை. வனத்துறை தன்னிடம் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. கேட்டதுதான் தப்பு. ஆலோசகர் காப்புக்காட்டைக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டிருக்க வேண்டியது ராம்சார் எல்லையை.

இரண்டும் ஒன்றல்ல. பள்ளிக்கரணைக் காப்புக்காடு சுமார் 700 ஹெக்டேர். 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். நடுவில் மிஞ்சும் 550 ஹெக்டேரும் வேலிக்கு வெளியே இருக்கும் ராம்சார் நிலம். வருவாய்த்துறை நிலம், பட்டா நிலம் எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. சண்டை முழுக்க இந்த 550 ஹெக்டேரைப் பற்றித்தான்.

இங்கே ஆலோசகர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. 2017 ஈரநில விதிகள் ராம்சார் தலங்களுக்குப் பொருந்தும், அதற்குத் தனியாக மாநில அறிவிக்கை வரத் தேவையில்லை. ஆனால் வனச் சட்டம், வனவிலங்குச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறை ஆகியவற்றின் கீழ் ஏற்கெனவே வரும் பகுதிகளை அந்த விதிகள் தொடாது. அங்கே அந்தந்தச் சட்டமே காவல். அதாவது வேலிக்குள் வனச் சட்டம், வேலிக்கு வெளியே உள்ள ராம்சார் பரப்பில் ஈரநில விதிகள். 'காப்புக்காட்டில் இல்லை' என்ற கடிதம் உங்களை விதிகளிலிருந்து விடுவிக்கவில்லை. உங்கள் புல எண் ராம்சார் எல்லைக்குள் இருந்தால், ஈரநில விதிகள் பொருந்தும் இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. இதைத் தலைகீழாகப் படித்துக் கட்டணம் வாங்குகிறார்கள்.

அந்த விதிகளின் நான்காம் விதியை ஒருமுறையாவது படியுங்கள். ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. கட்டட இடிபாடு கொட்டக் கூடாது. விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது. கோடையில் போய் நின்றுகொண்டு 'தண்ணீரே இல்லையே' என்பது வாதம் ஆகாது. அளவுகோல் வெள்ளக் காலத்தின் மட்டம்.

எல்லாக் காகிதமும் இருந்தாலே போதும் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாக்கத்தில் சுற்றுச்சூழல் அனுமதியும் திட்ட அனுமதியும் வாங்கிய ஓர் அடுக்குமாடித் திட்டத்தின் வேலையை 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியது. கேள்வி ஒன்றுதான், அந்த இடம் ராம்சார் எல்லைக்குள் வருகிறதா என்பது. அனுமதி கொடுக்கும் அலுவலகங்கள் அதை முதல் மேசையிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராம்சார் பட்டியலில் சேர்ந்த அன்றே ஒவ்வொரு புல எண்ணையும் குறித்து எல்லையை வெளியிட்டிருந்தால் நிலம் வாங்கியவனும் தப்பித்திருப்பான், சதுப்பும் தப்பித்திருக்கும்.

முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர், சுமார் 250 சதுர கிலோமீட்டரின் மழை, எல்லாம் இந்தச் சதுப்பில் இறங்கி ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இடம் இது. 2015இலும் 2023இலும் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் நின்றதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

மாநில ஈரநில ஆணையத்துக்கு உங்கள் புல எண், உட்பிரிவோடு எழுதுங்கள். இந்த எண் ராம்சார் எல்லைக்குள் இருக்கிறதா, இல்லையென்றால் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், தாக்க மண்டலத்துக்குள் வருகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏரி பக்கத்தில் இடம் இருக்கிறது. மண்டபம் கட்டலாமா? அவசரம்.

எந்த ஏரி? எந்த மாவட்டம்? பக்கம் என்றால் கரைக்கு வெளியிலா, உள்வாயிலா? இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது, ஏதாவது சொல்பவரை நம்பவும் கூடாது. எஃப்.எம்.பி. (புல அளவைப் படம்), அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் வகைப்பாட்டுப் பதிவேடு) நகல், கிராம வரைபடம் மூன்றையும் வாங்குங்கள். பழைய பதிவேட்டில் வகைப்பாட்டுக் கலத்தைப் பாருங்கள். ஏரி, தாங்கல், கழுவெளி, ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது இருந்து இன்று உங்கள் கையில் தனிப்பட்டா இருந்தால், முதலில் போக வேண்டியது வழக்கறிஞரிடம். வரைபடம் போடுபவரிடம் அப்புறம் போகலாம்.

வேடந்தாங்கல் ஏரியிலிருந்து மூன்றரை கிலோமீட்டரில் உரக் கிடங்கு கட்ட நினைக்கிறோம். ராம்சார் எல்லை ஏரியோடு முடிகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டேன். பிரச்சினை இல்லையே?

வரைபடத்தைப் பார்த்ததற்குப் பாராட்டு. ஆனால் இங்கே கதை பள்ளிக்கரணைக்கு நேர் எதிர். வேடந்தாங்கலில் ராம்சார் பரப்பு சுமார் 40 ஹெக்டேர்தான். சரணாலயமோ ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரம், 1998இலிருந்து. அந்த ஐந்து கிலோமீட்டரும் சரணாலயமேதான், அதைச் சுற்றிய பாதுகாப்பு வளையம் என்று நினைக்காதீர்கள். உங்கள் இடம் சரணாலயத்துக்குள் இருக்கிறது. வனவிலங்குச் சட்டம் பொருந்தும். தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தொடங்கி, தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு வரை போக வேண்டி வரலாம். உரக் கிடங்கு என்றால் வயல்வழியாக ஏரிக்குப் போகும் கழிவுநீரைப் பற்றியும் கேட்பார்கள். வேறு இடம் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஓர் எல்லைக்கு வெளியே இருக்கிறோம் என்றால் எல்லா எல்லைக்கும் வெளியே என்று அர்த்தமில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பாசன ஏரிகளுக்கு 2017 விதிகள் பொருந்தாது என்று படித்தேன். அப்படியானால் நஞ்சராயன் குளத்தருகே பின்னலாடைக் கிடங்கு கட்டலாம்தானே? (திருப்பூர்)

பாதியைப் படித்திருக்கிறீர்கள். பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகளின் வரையறை விலக்குகிறது, உண்மை. ஆனால் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம், 2024இலிருந்து ராம்சார் தலமும் கூட. விலக்கு உங்களுக்கு உதவாது. சாதாரண ஏரியாக இருந்தாலும் 2007 ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது.

நீர்வளத்துறையின் வெள்ளத் தடையின்மைச் சான்றில் மனையை ஒன்றரை மீட்டர் உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் மண் கொட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஜல்லடியன்பேட்டை)

கூடாது. உங்கள் கட்டடம் முழுகாமல் இருக்க எந்த மட்டம் வேண்டும் என்பதைத்தான் அந்தச் சான்று சொல்கிறது. ஈரநிலத்தை நிரப்பலாம் என்று சொல்லவில்லை. அதிலேயே வாய்க்காலுக்கு இடம்விடு, நீரோட்டத்தை மறிக்காதே என்றும் நிபந்தனை இருக்கும், கடைசிப் பக்கம்வரை படியுங்கள். லாரிக்காரர் மலிவாகக் கொண்டுவரும் 'மண்' பெரும்பாலும் இடிபாடு. அதைக் கொட்டினால் அது தனி மீறல்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார். கடை ஒன்று முன்பதிவு செய்யலாமா?

ரெரா பதிவு, திட்டத்தின் காகிதங்கள் தாக்கலாகியுள்ளன என்று காட்டும். எல்லையை அது அளக்காது, வங்கியும் அளக்காது. விற்பவரிடம் ராம்சார் எல்லையிலிருந்து தூரத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி வருவதற்குள் அடித்தளம் தோண்டிவிட்டோம். பிறகு முறைப்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். (பெருங்குடி)

தோண்டுவதை இன்றே நிறுத்துங்கள். வேலை தொடங்கிய பிறகு வாங்கும் பின்தேதி அனுமதி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கதவு திறந்துவிட்டது என்று இதைப் படிக்காதீர்கள். விவகாரம் மறுபடி விசாரணைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் முதலீட்டை அதன்மேல் வைக்க முடியாது.

முட்டுக்காடு முகத்துவாரத்தில் உணவகம். இது ஈரநிலமா, கடற்கரையா?

அலை ஏறி இறங்கும் கழிமுகம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை. 2011 அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது கழிமுகத்தின் அகலம், எது குறைவோ அது. 2019இல் அது 50 மீட்டர் ஆனது. உங்கள் இடத்துக்கு எந்த அறிவிக்கையின் வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று மாவட்டக் கடற்கரை மண்டல அலுவலகத்தில் கேட்டுவிட்டு அளங்கள். அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றித் தனியாக 50 மீட்டர் விட வேண்டும்.

ராம்சார் வரைபடத்தை எங்கே வாங்குவது? எவ்வளவு செலவாகும்? (பலர்)

காசு வேண்டாம். ராம்சார் அமைப்பின் தகவல் தளத்தில் ஒவ்வொரு தலத்துக்கும் தகவல் படிவமும் வரைபடமும் இருக்கின்றன, பதிவிறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இப்போது 20 தலங்கள். அந்த வரைபடத்தின்மேல் உங்கள் எஃப்.எம்.பி.யைப் பொருத்த உரிமம் பெற்ற நில அளவர் ஒருவரைப் பிடியுங்கள், செலவு அங்கேதான். அவர் போட்ட படத்தில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதையும் இணைத்து ஈரநில ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் முப்பது நாள் கழித்து அதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.