டாங்க் என்றால் குளமா, தாங்கியா, டாங்கியா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இலங்கையின் வடக்கே வன்னிப் பள்ளிக்கூடங்களில் இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தேன். பிறகு குளங்களைப் புனரமைக்கும் வேலைகளில் பொறியியலாளருக்கும் கமக்காரருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். இரண்டு இடத்திலும் ஆட்களை அதிகம் குழப்பிய ஆங்கிலச் சொல் ஒன்றுதான்: டாங்க். எங்கள் எழுத்து வழக்கில் அதை ராங்க் என்றும் எழுதுவோம். தரவரிசையைச் சொல்லும் ராங்கோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே டாங்க் என்றே எழுதுகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (முள்ளியவளை, உயர்தர மாணவி): ரீச்சர், பயிற்சித்தாளில் வந்த ஆங்கிலப் பந்தியில் ஒரு கமக்காரர் விடிய எழும்பி டாங்க் கரையால் நடந்து போகிறார். நான் தண்ணீர்த் தாங்கி என்று எழுதிப் புள்ளியை இழந்துவிட்டேன். டாங்க் என்றால் தாங்கிதானே?

பதில்: தாங்கி என்ற பொருளும் இருக்கிறது பிள்ளை, அகராதியைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் இலங்கை ஆங்கிலத்தில், அதுவும் வயல், நீர்ப்பாசனம், பழைய வரலாறு என்று எதைப் பற்றி வாசித்தாலும், டாங்க் என்றால் முதலில் குளம். இரணைமடு டாங்க், முத்தையன்கட்டு டாங்க் என்றுதான் ஆங்கில வரைபடங்களில் இருக்கும். பக்கத்தில் நிற்கிற சொற்களைப் பார். பண்ட் என்று வந்தால் அது குளக்கட்டு, ஸ்லூஸ் என்றால் துருசு, அதாவது வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகு, ஸ்பில் என்றால் வான், அதாவது நிறைந்த குளத்தின் மிச்ச நீர் வழிந்தோடும் இடம். இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் அது குளம்தான். லீற்றர், கூரை, பிளாஸ்ரிக், குழாய் என்று வந்தால் தாங்கி. உன் பந்தியில் ஆள் கரையால் நடக்கிறார், கையில் மண்வெட்டி வேறு இருந்திருக்கும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்: இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் குளம் என்ற பொருள் பெரும்பாலும் தெரியாது, அவர் பொண்ட் அல்லது லேக் என்றுதான் சொல்வார். இது எங்கள் நாட்டு ஆங்கிலத்திலும் இந்திய ஆங்கிலத்திலும் வாழ்கிற பொருள்.

கேள்வி (வவுனியா, ஒரு தம்பி): அக்கா, பாத்திரத்தைச் சொல்லும் சொல்லைக் குளத்துக்கு ஏன் வைத்தார்கள்? வெள்ளைக்காரருக்குக் குளம் என்றால் என்னவென்று தெரியாமல் போய்விட்டதா?

பதில்: நடந்தது மறுவளம் தம்பி. குளம் என்ற பொருள்தான் மூத்தது. 1600களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் தாங்கள் கண்ட நீர்நிலைகளைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வருகிறது. திரவம் நிரப்பும் பெரிய கொள்கலன் என்ற பொருள் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்தது. வேர் இரண்டு பக்கம் போகிறது. ஒரு பக்கம் குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர் சேமிக்கும் தொட்டிக்கு உள்ள, டாங்க் என்றே தொடங்கும் சொற்கள். மறுபக்கம் போர்த்துக்கீசர் சொல்லும் தாங்கெ. அதை எஸ்தாங்கார் என்ற வினையோடு சேர்ப்பார்கள், ஓடும் நீரை மறித்து நிறுத்துதல் என்று அதற்குப் பொருள். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாவற்றையும் எங்கள் வாயில் வைத்துவிட்டுப் போன அதே போர்த்துக்கீசர்தான். இரண்டு வேர்களும் ஒன்றை ஒன்று தாங்கியிருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் டாங்க் இந்தப் பக்கத்து மண்ணில் நனைந்த சொல். இரணைமடு டாங்க் என்று எழுதும்போது அரைகுறை ஆங்கிலம் எழுதுகிறோமோ என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (ரொறன்ரோ, சொந்த ஊர் அக்கராயன்): ரீச்சர், அம்மப்பாவின் வயல் உறுதியை (காணிப் பத்திரத்தை) ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்கினோம். வயல் ‘டாங்குக்குக் கீழே’ என்று இருக்கிறது. என் மகள் அதை வாசித்துவிட்டு, வயலுக்கு மேல் யுத்த டாங்கி ஏறி நிற்கிறதா அம்மா என்று பயந்து கேட்டாள். எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: அந்தப் பிள்ளையின் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது, வெளிநாட்டில் வன்னி என்ற பெயரோடு அவள் பார்த்த படங்கள் அப்படி. குளத்துக்குக் கீழ் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நாங்கள் சொல்வதை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. கீழ் என்றால் அடியில் அல்ல. அந்தக் குளத்தின் துருசால் வரும் நீர் பாய்கிற நிலம் என்று பொருள். எந்தக் குளத்துக்குக் கீழ் என்று சொன்னால் போதும், எந்த வாய்க்கால், யாரோடு தண்ணீர் முறை, எந்தக் கமக்காரர் அமைப்பு எல்லாம் தெரிந்துவிடும். உறுதியில் அந்த ஒரு வரி பாதி முகவரி மாதிரி.

மகளுக்கு அளவையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அளவு பிடிக்கும். குளத்து நீரை ஏக்கர் அடியில் அளப்பார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அதாவது 43,560 கன அடி, கிட்டத்தட்ட 12 லட்சத்து 33 ஆயிரம் லீற்றர். போர் முடிந்து மீளக்குடியேறிய காலத்தில் சந்திக்குச் சந்தி வைத்த 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி இருக்கிறதே, அதில் 1233 தாங்கி சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர் அடி. இரணைமடு ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளும். அடுத்த முறை ஊருக்கு வந்தால் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் பயிருக்கு, துருசு திறக்கும் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். கதவைச் சுற்றித் தூக்கியதும் முதலில் சருகும் நுரையும் கலந்து கலங்கலாக வரும், காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்கால் மண் சத்தம் போட்டுக் குடிக்கும், கொஞ்ச நேரம் போகத்தான் தண்ணீர் தெளிந்து ஓடத் தொடங்கும். நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தரமும் வாய்க்கால் கரையில் பிள்ளைகள் தண்ணீரோடு போட்டிபோட்டு ஓடுவார்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஓர் ஐயா): தங்கச்சி, டாங்கியைக் கிட்ட நின்று கண்ட சனம் நாங்கள். அதன் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. உயிரெடுக்கிற அந்த இரும்புக்கும் தண்ணீருக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

பதில்: ஐயா, அந்தப் பெயர் ஒரு பொய்யாக வைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் அகழிகளையும் முட்கம்பிகளையும் தாண்டிப் போக ஒரு கவச வண்டி வேண்டும் என்று பிரித்தானியர் 1915இல் இரகசியமாக வேலை தொடங்கினார்கள். அப்போது கடற்படைக்குப் பொறுப்பாக இருந்த சேர்ச்சில் அமைத்த குழுவுக்குப் பெயரே தரைக்கப்பல் குழு. அந்தப் பெயரைக் கேட்டால் எதிரிக்கு விசயம் விளங்கிவிடும். வண்டி செய்த லிங்கன் நகரத் தொழிற்சாலையில், இது மெசப்பொத்தேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று கதை பரப்பினார்கள். அன்றைய மெசப்பொத்தேமியா இன்றைய ஈராக், வறண்ட இடம், ஆகையால் கேட்டவர் நம்பினார்கள். சிஸ்டர்ன், ரிசேவொயர் என்றெல்லாம் யோசித்து, கடைசியில் சொல்லச் சுருக்கமான டாங்க் என்பதை 1915 டிசெம்பரில் தெரிந்தெடுத்தார்கள். 1916 செப்ரெம்பர் 15இல் பிரான்சில் சொம் போர்முனையில் அது முதல்தரம் சண்டைக்குப் போனது. இரகசியம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. குளத்துக்கு இருந்த பெயரைத்தான் எடுத்து இரும்புக்குப் போர்த்தினார்கள் ஐயா, எனக்கு இதை முதலில் வாசித்தபோது மனம் கனத்துப்போனது.

எங்கள் பக்கத்தில் இந்த மூன்று பொருளும் ஓர் இடத்தில் வந்து முட்டியும் இருக்கிறது. போரில் சரிந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி, ஏ9 வீதியோரம் அந்தப் பெரிய கொங்கிரீட் கிண்ணம் பக்கவாட்டில் பல வருடம் கிடந்ததை வீதியால் போனவர் எல்லோரும் கண்டிருப்பீர்கள். வெளியூர்க்காரர் ஒருவரின் ஆங்கிலக் குறிப்பில் கிளிநொச்சி டாங்க் என்று மட்டும் இருந்தால், அது அந்தத் தாங்கியா, நகரத்தோடு ஒட்டியிருக்கும் கிளிநொச்சிக் குளமா, யுத்த டாங்கியா என்று முழுப் பந்தியையும் வாசித்தால்தான் தெரியும். தமிழ் நல்ல காலம் மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது: குளம், தாங்கி, டாங்கி. சுமைதாங்கி, இடிதாங்கி என்று எங்களிடம் முன்பே இருந்த வினை தாங்கு. டாங்க் என்ற ஒலிக்கும் அது பொருந்தி, தண்ணீரைத் தாங்கி நிற்பது என்ற பொருளுக்கும் பொருந்தியது. இப்படிப் பொருந்திவந்த இன்னொரு சொல் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

கேள்வி (மாங்குளம், ஒரு தம்பி): கணினி விளையாட்டில் ஒரு வீரனை டாங்க் என்கிறார்களே?

பதில்: கூட்டாளிகளுக்கு விழுகிற அடியைத் தான் முன்னால் நின்று வாங்குபவன். போர் டாங்கியிலிருந்து வந்தது. தமிழில் தாங்கி என்றே சொல்லலாம், அச்சொட்டாக இருக்கும்.

கேள்வி (கனகராயன்குளம், தையல் படிக்கும் தங்கச்சி): டாங்க் ரொப் என்ற சட்டைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமா?

பதில்: சம்பந்தம் உண்டு. நீச்சல் தடாகத்தையும் முன்பு டாங்க் என்பார்கள், 1920களில் அங்கே போட்ட கையில்லாத நீச்சலுடுப்பு டாங்க் சூட். அந்த வெட்டில் வந்த மேற்சட்டை இது. அமெரிக்கருக்குக் கையில்லாத பெனியன், பிரித்தானியருக்குக் கையில்லாத கம்பளிச் சட்டை. தைக்கக் கேட்பவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டுவிட்டு வெட்டு.

கேள்வி (ஒட்டுசுட்டான், வங்கியில் வேலை செய்பவர்): விலை டாங்க் ஆனது என்றால்?

பதில்: சடாரென்று விழுந்தது. குத்துச்சண்டையில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுபவனை, தொட்டிக்குள் பாய்ந்தான் என்று சொன்ன பேச்சு வழக்கு இதற்கு முன்னோடி. விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பதற்கும் அதே வினைதான். திங்க் டாங்க் என்பது வேறு, அது சிந்தனைக் குழாம். தண்ணீர் கொண்டுவரும் வண்டியை நாங்கள் பவுசர் என்போம், மற்ற நாடுகள் பலவற்றில் டாங்கர் என்றால்தான் விளங்கும்.

கேள்வி (கிளிநொச்சி, திட்ட உத்தியோகத்தர்): ரீச்சர், எங்கள் ஆங்கில அறிக்கையில் மீடியம் டாங்க் புனரமைப்பு என்று எழுதியதை மொழிபெயர்ப்புச் செயலி ‘நடுத்தர டாங்கி’ ஆக்கிவிட்டது. டாங்க் ஸ்பில் என்றதை வெளிநாட்டு அதிகாரி ஒருவர் எண்ணெய்க் கசிவு என்று நினைத்துப் பதறிப்போனார். என்ன செய்யலாம்?

பதில்: செயலியைச் சும்மா விடுங்கள், மீடியம் டாங்க் என்பது இராணுவ ஆங்கிலத்திலும் உள்ள சொல், அது ஏமாறும். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்: இங்கே டாங்க் என்பது மண் கட்டால் மறித்த பாசனக் குளம். மைனர் டாங்க் என்றால் 80 ஹெக்ரயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்வது, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மைனர் என்பதை முக்கியமில்லாதது என்று வாசிப்பார்கள். ஒரு கிராமத்துக்கு அதன் சிறுகுளம்தான் எல்லாமே. ஸ்பில் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். குளம் வான் பாய்கிறது என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் சந்தோசச் செய்தி, நிறைந்த குளம், மாரிப் பயிரான காலபோகம் தப்பிவிட்டது. ஆனால் 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கீழேயிருந்த சனம் வெள்ளத்தில் பட்ட பாட்டையும் கண்டோம். ஆகையால் நிறைந்து வழிகிறதா, கதவைத் திறந்து விடுகிறார்களா, கட்டு உடைந்ததா என்று மூன்றையும் தனித்தனிச் சொல்லால் எழுதுங்கள். கட்டு உடைவது பிறீச், அதை ஸ்பில் என்று ஒருநாளும் எழுதக்கூடாது.

கேள்வி (மன்னார், முருங்கன் பக்கத்துக் கமக்காரர்): பிள்ளை, கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலத்தில் ஜயன்ட்ஸ் டாங்க் என்கிறார்கள். ராட்சதன் எங்கே இருந்து வந்தான்?

பதில்: சிங்களத்தில் யோத வெவ, யோத என்றால் மாவீரன், இராட்சத பலம் உள்ளவன். ஆங்கிலம் அதைப் பெயர்த்து வைத்துக்கொண்டது, உங்கள் தமிழ்ப் பெயரை அது கேட்கவேயில்லை. நீங்கள் ஆங்கிலக் கடிதம் எழுதினால் கட்டுக்கரைக் குளம் என்று முழுதாக எழுதி, பக்கத்தில் ஒரு தரம் ஜயன்ட்ஸ் டாங்க் என்று போடுங்கள். பிறகு கடிதம் முடியும்வரை கட்டுக்கரைதான். அருவியாற்றை மறித்து உங்கள் குளத்துக்குத் தண்ணீர் திருப்பும் அணையின் பெயர் தேக்கம், போர்த்துக்கீசரின் எஸ்தாங்காருக்கும் அதே பொருள்தான். அந்தப் பெயரையும் கடிதத்தில் தமிழ் ஒலியிலேயே எழுதுங்கள் ஐயா.