வலி போயிருச்சு, நாளைக்கே ஸ்பாரிங் போகலாமா?

குத்துச்சண்டை, தற்காப்புக் கலை பழகுகிறவர்களிடமிருந்து இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம்: வலி குறைந்துவிட்டது, பயிற்சிக்குத் திரும்பப் போகலாமா? வலி குறைவது வேறு, காயம் ஆறுவது வேறு. பிசியோவாக என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள்.

கேள்வி: மகனுக்கு 17 வயது, கோலாலம்பூர் செந்தூலில் குத்துச்சண்டை பழகுகிறான். சனிக்கிழமை ஸ்பாரிங்கில், அதாவது இருவர் மோதிப் பழகும்போது, தாடையில் ஒரு குத்து. மயக்கம் வரவில்லை, ஹெட்கார்டும் (தலைக்கவசம்) போட்டிருந்தான். ஆனால் அன்றிலிருந்து தலைவலி, புத்தகத்தை எடுத்தால் கண் கூசுகிறது என்கிறான். அடுத்த மாதம் போட்டி. ஒரு வாரம் ஓய்வு போதும் என்கிறார் மாஸ்டர்.

அம்மா, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், போட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் சொல்வது கன்கஷன், அதாவது மூளை அதிர்வு மாதிரிதான் இருக்கிறது. மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை. ஸ்கேன் எடுத்து ‘நார்மல்’ என்று வந்தாலும் ரத்தக் கசிவு இல்லை என்றுதான் அர்த்தம், கன்கஷன் இல்லை என்று அர்த்தமில்லை. ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமலேதான் மோதினார்கள், கவனித்திருப்பீர்கள்.

அடிபட்ட முதல் 24 முதல் 48 மணி நேரம் நிதானமாக இருக்க வேண்டும், கைப்பேசியைக் குறைக்க வேண்டும். அதற்காக இருட்டறையில் படுக்கப் போடும் பழைய வழக்கம் வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம். பிறகு லேசான நடை, சைக்கிள், தனியாக நிழல் குத்து என்று படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். வகுப்பில் முழு நாள் உட்கார்ந்து படிக்க முடிகிற வரை ஜிம் பற்றிய பேச்சே வேண்டாம், எஸ்பிஎம் பரீட்சை வருடம் வேறு. ஒருவர் குத்தி ஒருவர் வாங்குகிற பயிற்சி டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு வாரம்கூட ஆகும், அதனால் அடுத்த மாதப் போட்டியை மறந்துவிடுங்கள். முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போன சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குளறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு 999.

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். தேக்வாண்டோவில் கணுக்கால் மடங்கியது. பாட்டி அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவிவிட்டார், மறுநாள் இன்னும் வீங்கிவிட்டது. மூன்று வாரத்தில் தைப்பூசம், பால்குடம் நேர்ந்திருக்கிறேன்.

பாட்டியைத் திட்டாதீர்கள், ஆனால் முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவுவது, வெந்நீர் ஒத்தடம், சூடான தைலம் எதுவும் கூடாது. உள்ளே கசிகிற ரத்தத்தை அது கூட்டிவிடும். ஒரு வாரம் கழித்து மெதுவாக உருவிவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேல்வரை, விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பிலேயே வலித்தாலோ நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. இல்லையென்றால் எலாஸ்டிக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது, தாங்குகிற அளவுக்கு நடை. பல் துலக்கும்போது அந்தக் காலில் மட்டும் நின்று பழகுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி மடங்குகிறது.

நொண்டாமல் மாடிப்படி ஏறி இறங்க முடிந்தால் பால்குடம் எடுக்கலாம், கோயிலுக்குக் கிட்டத்திலிருந்து கிளம்புங்கள். காலில் கட்டோடு வந்தால் தண்ணீர்மலை முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். உதைக்கப் போவது அதற்கும் பிறகு, அந்த ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் குதித்து வலியில்லாமல் இறங்க முடியும்போது.

கேள்வி: ஜூடோவில் கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு வாரமாகியும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது.

கட்டைவிரலை மேலே விறைப்பாகத் தூக்குங்கள். அடியில் இரண்டு நரம்பு போலப் புடைக்கும், நடுவில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? அப்படியானால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும், பிறகு ஆபரேஷன்தான். இந்த வாரமே போங்கள், எலும்பின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அதுவரை தண்டால் கூடாது.

கேள்வி: ஜியு-ஜிட்சு வகுப்பில் நாலைந்து பேருக்குப் படர்தாமரை. நண்பன் கொடுத்த கிரீம் போட்டேன், சிவப்பு அடங்கி இப்போது பெரிதாகிவிட்டது.

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், தூக்கிப் போடுங்கள். மருந்தகத்தில் வெறும் பூஞ்சை மருந்து, குளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தடம் மறைந்தாலும் உடனே நிறுத்தாமல், பெட்டியில் போட்டிருக்கும் நாள் வரை போடுங்கள். மருந்து தொடங்கி மூன்று நாளாவது மேட் பக்கம் போகாதீர்கள். தலையில் வந்திருந்தால் மாத்திரை வேண்டும், இரண்டு வாரம் லீவு. வேர்த்த உடுப்பைக் காரின் பின்பெட்டியில் இரவெல்லாம் போட்டு வைக்கிற பழக்கம் நம் ஊர் புழுக்கத்துக்கு ஆகாது.

கேள்வி: முவாய் தாய்க்குக் கீழ்க்கால் எலும்பைப் பாட்டிலால் உருட்டினால் கெட்டிப்படுமா?

படாது, புண்தான் ஆகும். பையை உதைத்து உதைத்து வருடக்கணக்கில் தானாக வருவது அது. ஒரே ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிகிற மாதிரி வலித்தால், அதுவும் ராத்திரியில் வலித்தால், உதைப்பதையும் ஓடுவதையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

கேள்வி: பயிற்சிக்கு முன் பொன்ஸ்தான் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

கூடாது. எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள் போட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு. இன்னொன்று, பயிற்சிக்கு அடுத்த நாள் உடம்பு வலியோடு காய்ச்சலும் அடித்தால் ஜிம் அலுப்பு என்று நினைத்து இதைப் போடாதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும் போட்டுக்கொண்டு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.