சரித்திரப் பட உடைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், எங்கள் இசை நாடகம் 1860-களில் நடக்கிறது. அந்தக் கால கவுனைப் பார்த்து அப்படியே தைத்தோம், ஆனாலும் தொளதொளவென்று தொங்குகிறது. எங்கே தப்பு?

பதில்: உள்ளே. பாவாடையை விரித்து நிறுத்தியது துணி இல்லை, 1856-ல் வந்த எஃகு வளையக் கூடு. உடம்பை ஒட்டிப் பருத்தி ஷிமீஸ், அதன் மேல் இடுப்பை இறுக்கும் கார்செட், பிறகு கூடு, வளையங்கள் வரிவரியாகத் தெரியாமலிருக்க உள்பாவாடை, கடைசியில்தான் கவுன். இத்தனையையும் மாட்டிய பிறகே டேப்பை எடுங்கள். வெறும் உடம்பில் அளவெடுத்தால் இடுப்பு லொடலொடக்கும், கீழ் ஓரம் தூக்கிக்கொள்ளும். கதை எந்த வருஷம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1860-களின் நடுவில் முன்பக்கம் தட்டையாகி, விரிவு பின்னால் போய்விட்டது. ஒத்திகையின் முதல் நாளே கூட்டைக் கட்டி ஆட விடுங்கள். உட்காரவும் கதவைத் தாண்டவும் பழக வேண்டும்.

கேள்வி: நடனத்தில் கையைத் தூக்கினால் மேலுடை மொத்தமும் கூடவே ஏறுகிறது. கை நுழையும் ஆர்ம்ஹோலைப் பெரிதாக்கவா?

பதில்: வேண்டாம், இன்னும் ஏறும். அக்குளை ஒட்டி உயரத்தில், சிறியதாக வெட்டினால்தான் கை தனியாக அசையும். போதவில்லை என்றால் அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தையுங்கள்.

கேள்வி: கார்செட் போட்ட நடிகைக்கு விலா எல்லாம் சிவந்துவிட்டது. அந்தக் காலப் பெண்கள் எப்படித்தான் தாங்கினார்கள்?

பதில்: உள்ளே ஷிமீஸ் போட்டு, தங்கள் உடம்புக்கென்று தைத்ததைப் போட்டுத் தாங்கினார்கள். வேலைக்காரப் பெண்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்க வேலை செய்தார்கள். ஷிமீஸ் இல்லாமல் கார்செட் வேண்டாம்.

கேள்வி: மத்திய கால ஐரோப்பியக் கதை. குடியானவர்களுக்குப் பழுப்பும் சாம்பலும் போதும்தானே? செயற்கைச் சாயமே வேதியியலாளர் பெர்கின் 1856-ல் கண்டுபிடித்ததுதானே?

பதில்: போதாது. சாயம் செயற்கையாக வந்தது அப்போது. நிறம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. மேடர் வேரில் சிவப்பு, வோட் இலையில் நீலம், வெல்ட் செடியில் மஞ்சள், மஞ்சள் மேல் நீலம் ஏற்றினால் பச்சை. ஓவியர்களான லிம்பர்க் சகோதரர்கள் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாகத் தீட்டிய நாட்காட்டி ஓவியங்களில் வயலில் வேலை செய்பவர்கள் நீல உடையில் இருக்கிறார்கள்.

கேள்வி: அது பிரபுவுக்காக வரைந்த படம் மேடம். ஓவியர் அழகுக்காகப் பூசியிருப்பார்.

பதில்: நியாயமான சந்தேகம். அப்படியானால் துணியையே பாருங்கள். லண்டன் அகழாய்வுகளில் கிடைத்த 14-ஆம் நூற்றாண்டுக் கம்பளித் துண்டுகளில் மேடர் சாயம் இருக்கிறது. ஏழைகளிடம் சாயமேறாத கம்பளியும் நிறைய இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊரே சேற்று நிறத்தில் நடமாடியது என்பது திரையில் மட்டும் உள்ள சரித்திரம். அந்த மக்கள் வண்ணத்தை விரும்பினார்கள், அதற்காக மெனக்கெட்டார்கள். அதை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

கேள்வி: நான் குறுக்கிடுகிறேன். சிவப்பும் நீலமும் கேமராவில் புதுசு மாதிரி பளிச்சென்று அடிக்குமே?

பதில்: அடிப்பது நிறம் இல்லை, தேயாத துணி. பல முறை துவைத்து வெயிலில் போடுங்கள். பிறகு முழங்கை, கழுத்துப்பட்டி, பாவாடையின் கீழ் ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்த்தால் பொய் தெரிந்துவிடும்.

கேள்வி: கார்செட்டை நேரே உடம்பில் போடலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஷிமீஸ்.

கேள்வி: ஜிப் வைக்கலாமா?

பதில்: 1930-களுக்கு முந்தைய கதை என்றால் கேமரா முன் வேண்டாம். மேடையில் நொடிகளில் உடை மாற்ற வேண்டுமானால் மறைவாக வையுங்கள். வெல்க்ரோ வேண்டாம், பிரிக்கும் சத்தம் மைக்கில் விழும்.

கேள்வி: வாள், கவசம் பற்றி?

பதில்: என் துறை இல்லை. ஆயுதம் பார்ப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: 1890-களின் அசல் பட்டு கவுன் ஒன்று கிடைத்திருக்கிறது. கதாநாயகிக்கு அதையே போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலப் பட்டில் கனம் கூட்ட உலோக உப்புகளை ஏற்றினார்கள். அது இழையையே அரிக்கும். மடிப்பு மடிப்பாகக் கிழியும். மேசையில் பரப்பி, உள்பக்கத் தையலைப் படமெடுத்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து நகல் தையுங்கள். நகலுக்குள்ளும் ஷிமீஸ் உண்டு.