அப்பாவையும் மகனையும் ஒரே அறையில் பூட்டலாமா?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 23 வயது. ஒன்றரை வருடமாகக் குடு (ஹெரோயின்) பாவிக்கிறான். ஈயத்தாளில் வைத்து இழுக்கிறான், ஊசி இல்லை. அப்பா பதினைந்து வருடமாக ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் சாராயம் குடிப்பவர். காலையில் கொஞ்சம் எடுக்காவிட்டால் கை நடுங்கும். இப்போது அவர், "நல்லூர்க் கொடியேற்றத்தோட நானும் விடுறன், இவனும் விடட்டும்" என்று நேர்த்தி வைத்துவிட்டார். இரண்டு பேரையும் பத்து நாள் அறையில் வைத்துப் பூட்டுவது, பிறகு தம்பியைக் கனடாவுக்கு மாமாவிடம் அனுப்புவது என்று வீட்டில் முடிவு. தம்பியின் உயிருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் வளர்ப்பில்தான் பிழையா?

பெயர் வேண்டாம், இணுவில்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அறையில் முதலில் ஆபத்துக்குள்ளாகக்கூடியவர் உங்கள் அப்பா. குடு என்றால் வீடே நடுங்குகிறது, சாராயம் என்றால் பழகிப்போன விஷயம். ஆனால் திடீரென்று நிறுத்தும்போது உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

அரைப் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 100 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. மதுசாரம் மூளையை மந்தப்படுத்தும். ஒவ்வொரு நாளும் அதைச் சமாளித்து விழிப்பாக இருப்பதற்காக மூளை தன் தூண்டுதலைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. சாராயத்தை ஒரே நாளில் நிறுத்தினால் அந்தத் தூண்டுதல் மட்டும் தடையில்லாமல் நிற்கும். 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் வரும். 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை வரும்: காய்ச்சல், படபடப்பு, தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாத நிலை. படுக்கை விரிப்பிலிருந்து இல்லாத பூச்சிகளைப் பொறுக்குவார், இல்லாத ஆளோடு கதைப்பார். கொடியேறும் காலையில் நிறுத்தினால் இது மூன்றாம் இரவில் வரலாம். அந்த நேரத்தில் பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு போடவும் நூல் கட்டவும் ஓடி நேரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் அதில் உயிரே போகலாம்.

காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும், அவர் வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாதவர். வைத்தியரைக் காணும்வரை வழக்கமான அளவை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இதைச் சொன்னால் வீட்டில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிச் சாராயத்தோடு கொடுக்கவும் வேண்டாம், மூச்சு அடங்கிவிடும். வைத்தியசாலையில் டயசபாம் போன்ற மருந்தைத் தொடங்கி 5 முதல் 7 நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின், அதாவது விற்றமின் பி1 ஊசி போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அது போடப்பட வேண்டும். நாட்பட்ட குடிகாரரின் உடம்பில் பி1 வற்றியிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் சரியாக அசையாது, நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போனாலும் போகும். ஆகவே "களைப்பாக இருக்கிறார், ஒரு சேலைன் ஏற்றுங்கோ" என்று தெருமுனை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போவதென்றால் குடியின் அளவை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு வருத்தத்துக்கு, கால் முறிவுக்கோ ஹேர்னியாவுக்கோ, வார்ட்டில் நிறுத்தினாலும் இதே கதைதான். மானத்துக்குப் பயந்து வீட்டார் குடியை மறைப்பார்கள், இரண்டாம் நாள் கட்டிலில் வலிப்பு வரும்.

நேர்த்தியை விடச் சொல்லவில்லை. கொடியேற்றத்துக்கு முன்பே கிளினிக்கில் காட்டி, வைத்தியர் கொடுக்கும் திகதியில் நிறுத்தட்டும், கந்தன் கோபிக்கமாட்டான். முகநூலில் விற்கும், "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்ற பொடிகளை வாங்க வேண்டாம். அவற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? டைசல்பிராம் என்ற உண்மையான மருந்தையும் ஒளித்துக் கொடுக்கக் கூடாது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு கிழமை வரை அந்த விளைவு இருக்கும். குடிப்பவர் தெரிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது.

இனித் தம்பி. குடுவை நிறுத்தி 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, காலுளைவு, வயிற்றோட்டம் என்று தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ஒரு கிழமையில் பெரும்பாலும் அடங்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் இளவயதினரை அது நேரடியாகக் கொல்வது அரிது. கொல்வது நீரிழப்பு. வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ளவனைப் பூட்டி வைத்துக் கதவுக்கு வெளியே சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு பைக்கற் ஜீவனியை, அதாவது நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளை, ஆறிய கொதிநீர் ஒரு லீற்றரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். சிறுநீர் போகாவிட்டாலோ, குடித்தது எதுவும் தங்காவிட்டாலோ வைத்தியசாலைதான். குடுவோடு பிரிகபலின் போன்ற குளிசையும் போடுகிறானா என்று கேட்டறிந்து சொல்லுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், வைத்தியரின் திட்டமே மாறும்.

நான் அதிகம் பயப்படுவது பத்தாம் நாளுக்குப் பிறகுதான். சாப்பிடுவான், சிரிப்பான், "பிள்ளை தெளிந்துவிட்டான்" என்று பூட்டைத் திறப்பீர்கள். அதற்குள் உடம்பு குடுவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு முன் சாதாரணமாக இழுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தலாம். தட்டியும் எழும்பாமை, நீலம் பாய்ந்த உதடு, குறட்டை போன்ற கொரகொரப்பு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி: இவற்றைக் கண்டால் "நித்திரை கொள்ளட்டும்" என்று விடாதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, மூச்சை விடாமல் கவனியுங்கள். மூச்சு நின்றால் வாய்வழியாக ஊதிக் கொடுங்கள். எடுத்தது குடு என்று மறைக்காமல் சொன்னால்தான் மாற்று மருந்தான நலோக்சோனை உடனே போடுவார்கள்.

உடம்பு தெளிய ஒரு கிழமை போதும். ஈயத்தாளைக் கண்டால், பழைய நண்பனின் கோல் வந்தால், கையில் காசு இருந்தால் எழும் ஆசை மாதக்கணக்கில் நிற்கும். ஏனென்றால் மூளை அவற்றையெல்லாம் குடுவோடு சேர்த்துப் படித்து வைத்திருக்கிறது. சிகிச்சை என்பது அந்த மாதங்களுக்குத்தான்: கிழமைக்கொரு கிளினிக், உளவளத்துணை, நித்திரையை ஒழுங்காக்குவது, மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து. குடுவின் விளைவைத் தடுக்கும் நல்ட்ரெக்சோன் மருந்தைக் கொடுப்பதென்றால் 7 முதல் 10 நாள் குடு இல்லாமல் இருந்த பிறகே, முந்தினால் அந்தத் துன்பம் முழுவதும் ஒரேயடியாகத் திரும்பி வரும். நடுவில் ஒரு நாள் இழுத்துவிட்டால் வீட்டைவிட்டுத் துரத்தாமல் அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

வளர்ப்புப் பற்றி: மதுவுக்கு அடிமையாவதில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருகிறது. மற்றப் பாதியில் சின்ன வயதில் தொடங்குவது, பதற்றம், மனக்காயம், பொருள் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது எல்லாம் சேரும். எல்லாவற்றையும் "எங்கள் இளைஞரைக் கெடுக்கும் சதி" என்று சொல்லி முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொருள் எப்படி வந்தது என்பதற்கு அது ஒரு பதிலாக இருக்கலாம். தொட்ட பத்துப் பேரில் இவன் மட்டும் ஏன் மாட்டினான் என்பதற்கு அதில் பதில் இல்லை.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு தேவையில்லை. போக முன் கதைக்க வேண்டுமென்றால் 1926 தேசிய உளநல உதவி எண். பொலிஸுக்குப் பயந்து தயங்க வேண்டாம், தானாகச் சிகிச்சைக்கு வருவதற்கு போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

கனடாப் பேச்சை இந்த வருடம் எடுக்காதீர்கள். அங்கே தெருவில் ஹெரோயின் என்று விற்கப்படுவதில் பென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் கலந்திருப்பது சாதாரணம். அது ஹெரோயினைவிடப் பல மடங்கு வலியது. பழக்கம் இறங்கிய உடம்போடு, பாஷை தெரியாத ஊரில், மாமா இரவு வேலைக்குப் போன வீட்டில் தம்பி தனியே இருப்பதைவிட, இணுவிலில் இருந்து தெல்லிப்பழைக்கு பஸ்ஸில் கிழமைக்கொரு தரம் போய்வருவது பாதுகாப்பு.