எச்சில்ல மைட்டோகாண்ட்ரியா பாத்து கேன்சர் சொல்லிடுவாங்களா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 44. அப்பா வாய்ப் புத்துநோய்ல தவறிட்டார். நான் பாக்கு போடுறத போன வருஷம்தான் விட்டேன். எச்சில் குடுத்தா மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பாத்து கேன்சர் இருக்கானு சொல்லிடுவோம்னு ஒரு லேப் விளம்பரம் வருது, எடுக்கலாமா?

பதில்: பாக்கு போடுறத விட்டீங்களே, பெரிய விஷயம். இந்த டெஸ்ட்டுக்கு காசு போட வேணாம், ஆனா விளம்பரத்துல சொல்றது சுத்த புருடாவும் இல்ல.

செல்லுக்கு சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குனு தனியா ஒரு குட்டி டிஎன்ஏ இருக்கு, 37 ஜீன்தான், அம்மா வழியா வர்றது. மத்த ஜீன் செல்லுக்கு ரெண்டு காப்பினா இது நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல இருக்கும், அதனால இந்த டிஎன்ஏல மாற்றம் இருக்கிற கேன்சர் கட்டியிலேர்ந்து நாலு செல் உதிர்ந்து எச்சில்ல கலந்தாலே மாட்டிக்கும். 2000ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் வாய், தொண்டை கேன்சர்காரங்க எச்சில்லயும், சிறுநீர்ப்பை கேன்சர்காரங்க யூரின்லயும் இந்த மாற்றத்த காட்டினாங்க, கேன்சர்ல அடிக்கடி கெட்டுப்போற பி53 ங்கிற ஜீனோட மாற்றத்த விட 19லேர்ந்து 220 மடங்கு அதிகமா கெடச்சுது.

ஆனா அவங்க மொதல்ல கட்டிய எடுத்து அதுல என்ன மாற்றம்னு பாத்துட்டு அப்புறம் அதையே எச்சில்ல தேடினாங்க, உங்களுக்கு கட்டியே இல்லாதப்போ எத தேடுறது? வயசானாலும் இதே மாதிரி மாற்றம் வரும். சரி, காப்பி எண்ணிக்கையாவது பாக்கலாம்னா சில கேன்சர்ல கூடுது, கிட்னி ஈரல் கேன்சர்ல பெரும்பாலும் கொறயுது, அத வெச்சு ஆமா இல்லனு எப்டி எழுதிக்குடுக்கிறது சொல்லுங்க.

மைட்டோகாண்ட்ரியா நெசமாவே ஒதவுற எடம் வேற. பாராகாங்லியோமா மாதிரி சில அபூர்வ கட்டிங்கள்ல, பயாப்சில, அதாவது சோதனைக்கு வெட்டி எடுக்கிற சதைத் துண்டுல, எஸ்டிஎச்பி ங்கிற மைட்டோகாண்ட்ரியா புரோட்டீன் இருக்கானு சாயம் போட்டு பாப்போம், அது இல்லேனா பரம்பரை விஷயமா இருக்கலாம்னு குடும்பத்தையே கூப்பிட்டு பேசுவோம்.

உங்களுக்கு வேண்டியது டார்ச் லைட்டும் ஒரு பல் டாக்டரோ ஈஎன்டி டாக்டரோதான். வெள்ளத் திட்டு, செவப்புத் திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருந்தா பயாப்சி எடுக்கணும். பாக்கு போடுறத விட்டாலும், அதனால கன்னத்து உள்பக்கம் இறுகிப்போயிருந்தா அது அப்டியேதான் இருக்கும், அதனால இப்பவே மூணு விரல செங்குத்தா வாய்க்குள்ள விட்டுப் பாருங்க, போகலேனா இந்த வாரமே காட்டிடுங்க.