யூ ஜொயின்ட் மாற்றிய பிறகு எம்ஜிபி ஏன் அதிர்கிறது?

உங்கள் பழைய எம்ஜிபி காரில், கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாப்ட்டுக்கு, அதன் முனைகளில் மடங்கும் மூட்டுகளான இரண்டு யூ ஜொயின்ட்டும் புதிதாகப் போட்டும், மட்டக்களப்பு கல்லடிப் பாலம் தாண்டி வேகமெடுத்தால் சீட் வரை அதிர்கிறது என்கிறீர்கள். சாமானைக் குறை சொல்லமுதல், பூட்டிய விதத்தைப் பாருங்கள்.

ஷாப்ட்டின் நீளம் கூடிக் குறைய அதில் ஒரு ஸ்ப்ளைன், அதாவது ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்வரிசை, இருக்கிறது. அதை இழுத்துப் பிரித்து, பல் மாறிப் பூட்டினால் போச்சு. யூ ஜொயின்ட் சாய்வாகச் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஜொயின்ட்டைப் பிடிக்கும் கவையான யோக், இரு முனையிலும் ஒரே தளத்தில் இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். கழற்றி மேசையில் வைத்து நுனியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அது சரியென்றால் ஜொயின்ட்டைக் கையால் மடக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்தால் சந்தேகம்தான். எனக்கு ஒருமுறை ஜொயின்ட்டின் பெயாரிங் கோப்பைக்குள் நிற்கும் ஊசி போன்ற உருளைகளில் ஒன்று சரிந்து அடியில் குறுக்கே கிடந்தது. கோப்பையைப் பிடித்துவைக்கும் வளையமான சேர்க்ளிப் பள்ளத்தில் இறங்கவில்லை. நானோ சுத்தியலால் இன்னும் இரண்டு போட்டேன். கோப்பை வெடித்தது. இப்போது ஊசிகள் சரியாமல் கட்டிக் கிரீஸ் வைத்துத்தான் பூட்டுகிறேன். சும்மா இறுக்கம் மட்டுமென்றால் யோக்கின் காதில் செப்புச் சுத்தியலால் மெல்லத் தட்ட, இளகும்.

அப்புறம் பின் அச்சின் டிஃபரென்ஷியல் பக்கத்து ஃபிளாஞ்ச், அதாவது ஷாப்ட்டைப் பூட்டும் தட்டு. நம்முடைய உப்புக்காற்றில் அதன் முகத்தில் துரு பிடிக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பொருத்துங்கள். தானாகக் கழலாத நைலொக் நட்டு நான்கும் புதிதாக இருக்கட்டும்.